பிடித்த இடம்

வண்டி ஓட்டேரிப் பாலம் இறங்கும்போதே
அவற்றுக்குத் தெரிந்துவிடும்.
குப்பை லாரியிலிருந்தும் தண்ணீர் லாரியிலிருந்தும்
எங்கள் சத்தத்தைத் தனியே பிரித்து வைத்திருக்கின்றன.
ஒன்று குரைக்கும்.
தெரு காலியாகும்.
பல் துலக்குகிற மனிதர்கள் மட்டும் மிச்சம்.

வலை என் கையில்.
ஏசுபாதம் அண்ணன் சந்தின் மறுமுனையில் மறிப்பார்.
பர்வீன் பதிவேடு எழுதுவாள்:
நிறம், ஆணா பெண்ணா, உத்தேச வயது,
பிடித்த இடம்.
அதை அடையாளத்தோடு எழுத வேண்டும்.
'டிபன் கடை எதிரில், டிரான்ஸ்பார்மர் அடியில்.'
'மூன்றாவது குறுக்குத் தெரு, மூடாத குழாய்ப் பக்கம்.'
ஆபரேஷன் முடித்து, வெறிநாய் ஊசி போட்டு,
காது நுனியில் ஒரு நறுக்கு வெட்டி
எங்கே எடுத்தோமோ
அங்கேயேதான் இறக்கிவிட வேண்டும்.
விதி அப்படி.
அடுத்த தெருவில் விட்டால்
அந்தத் தெருக் கூட்டம் குதறிவிடும்.

மாடியிலிருந்து கைலியை மடித்துக் கட்டியபடி ஒருவர்
'கொண்டுபோய்க் கொன்னுடுங்கப்பா' என்பார்.
கீழ்வீட்டுப் பெண் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடிவந்து
'என் ஜிம்மிய விடுடா பாவி' என்பாள்.
இருவருக்கும் என்னிடம் ஒரே பதில்:
'நாலு நாள்ல திரும்ப வந்துடும்.'
அவருக்கு அது மிரட்டல்.
அவளுக்கு ஆறுதல்.
எனக்கு, அடுத்த தெருவுக்குப் போக வழி.

இடது முழங்கைக்குக் கீழே இரண்டு கடி,
கெண்டைக்காலில் ஒன்று.
பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா வேலை என்ற கட்டத்தில்
'கார்ப்பரேஷன்' என்று எழுதியிருக்கிறாள் மகள்.
மீதியை எழுத இடம் பத்தவில்லையாம்.

ஆடி மாதத்தில் ஒரு பெட்டை,
புலிக்கோடு, முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை.
'கால்வாய்க் கரை, சம்பூரணம் இட்லிக் கடை
பலகைக்குக் கீழே' என்று பர்வீன் எழுதினாள்.
தையல் பிரிந்து சீழ் வைத்து
நாலு நாள் பதினோரு நாளாயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை கொண்டுவந்தால்
கரை இருந்தது.
கடை இல்லை. பலகை இல்லை.
கடைக்குப் பின்னாலிருந்த அறுபது வீடும் இல்லை.
ஜேசிபி திரும்பிய தடத்தில் மழைத்தண்ணீர்,
அதில் ஒரு பச்சை பிளாஸ்டிக் சீப்பு.
எல்லாரும் பெரும்பாக்கம், எட்டாவது மாடி என்றான்
காயலான் பொறுக்க வந்த பையன்.

'விட்ட இடம்னு என்னண்ணா எழுதறது?'
பேனாவோடு நின்றாள் பர்வீன்.

எனக்கும் இந்தக் கரைதான்,
இரண்டு வளைவு தள்ளி.
எங்களை லாரியில் ஏற்றிய அன்றும்
தாளோடுதான் வந்தார்கள்.
பேர் கேட்டார்கள், வயது கேட்டார்கள்,
ஆண் எத்தனை, பெண் எத்தனை.
ஒரு கட்டம் குறைவாக இருந்தது அந்தத் தாளில்.
இப்போது நான் அதே பெரும்பாக்கத்திலிருந்து
விடியுமுன் இரண்டு பஸ் மாறி
வலை வீச இங்கே வருகிறேன்.

கூண்டைத் திறந்தேன்.
அது எங்களைப் பார்க்கவில்லை.
இடிசலை மோந்துகொண்டே போய்
அடுப்பு இருந்த கறுப்பு மண்ணை
மூன்று முறை சுற்றிப்
படுத்துக்கொண்டது.
'அதே இடம்னு எழுதும்மா' என்றேன்.

மறுவாரம் புகார் வந்தது.
தகரவேலி போட்ட காலி மனையில்
ஒரு நாய் ஆட்களை உள்ளே விடமாட்டேன் என்கிறதாம்,
உடனே அப்புறப்படுத்தவும்.
போனோம்.
வேலி ஓட்டை வழியே வெள்ளைக் காலும்
அதற்கு மேலே பல்லும் தெரிந்தன.
மேஸ்திரி சம்மட்டிக்குப் பின்னால் நின்றார்.

வலையை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.
'காதைப் பாருங்க சார், நறுக்கு இருக்கு.
ஒருதரம் எடுத்து வுட்டதை மறுபடி எடுக்க முடியாது.
இது இந்த இடத்து நாய்.
எழுத்துல இருக்கு.'